அடுப்புக்கு மேல் ஒரு கூரை

அக்கா,

நேற்றுக் காலை என் மகள் வீட்டுச் சமையலறையில் ஒரு கூரைத் துண்டை அடுப்பில் காட்டிச் சுட்டேன்.

மொட்டை மாடியில் கொட்டகை போடப் போகிறார்கள். கடைக்காரர் மாதிரிக்கு நான்கு துண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். நீலம் பூசிய தகடு ஒன்று, பிளாஸ்டிக் ஒன்று, சாம்பல் நிறச் சிமெண்ட் சீட்டு ஒன்று, ஓடு மாதிரி வளைத்துச் சிவப்படித்த ஏதோ ஒன்று. "எந்தக் கலர் நல்லாருக்குன்னு நீயும் பாத்துச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு மகள் குளிக்கப் போனாள். நான் கலரைப் பார்க்கவில்லை. கை தானாக நீலத் துண்டை எடுத்தது. இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். பூச்சு கொப்பளித்துப் புகைந்தது. மகள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள்.

"என்னம்மா இது? கலரைப் பாக்கச் சொன்னா எரிச்சுப் பாக்குறே?"

அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். அந்தக் கருகல் நெடி இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. நேற்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் புழக்கடைக்குமாக நடக்கிறேன். படுத்தால் எழுந்துகொள்கிறேன். உங்களிடம் பேசினால்தான் இது அடங்கும் என்று தெரிந்தது. பேத்தியின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்கட்டிப் பிழைத்த வீட்டில் பிறந்து, தேவதானம் போகிற வழியில் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். கல்யாணமான நாலாம் வருஷம் அவர் போய்விட்டார். கையில் ஒரு பெண் குழந்தை. சத்துணவு வேலையில் என்னைப் போன்றவர்களுக்கு முதலில் இடம் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். எழுதிப் போட்டேன், அமைப்பாளர் வேலை கிடைத்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. அரிசி பருப்பை அளந்து கொடுப்பது, கணக்கு எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. என்றாலும் ஊர் என்னை டீச்சர் என்றது. நீங்கள் சமையலர். நீங்களும் கணவரை இழந்தவர்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் உங்களை அக்கா என்று கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் நீங்கள் டீச்சர் என்பதை மாற்றவில்லை.

பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். சமையல் கொட்டகை அதை ஒட்டித் தனியாக இருந்தது. இடுப்பளவு மண்சுவர், மேலே மூங்கில், அதன்மேல் பின்னிய தென்னங்கிடுகு. இரண்டு விறகடுப்புகள். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குச் சோறு. காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் நீங்கள் ஒரு காரியம் செய்வீர்கள். வாளித் தண்ணீரைச் செம்பில் மோந்து, அடுப்புக்கு நேர் மேலே கூரையின் உள்பக்கமாக வீசுவீர்கள். ஓலை நனைந்து சொட்டும். நான் முதல் நாள் சிரித்தேன்.

"எதுக்குக்கா கூரையைக் குளிப்பாட்டுறீங்க?"

"காஞ்ச ஓலை பொறியைக் கையை நீட்டி வாங்கிக்கிடும் டீச்சர். ஈர ஓலை வேணாம்னு சொல்லிரும்."

அதோடு நான் அதைக் கவனிப்பதை விட்டுவிட்டேன். தினமும் நடக்கிற காரியம்தானே.

அந்தப் பங்குனியில் பள்ளிக்கூடத்து அடிபம்பு கெட்டுப் போனது. ஊர்க் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது. நீங்களும் உதவிக்கு இருந்த ஆயாவும் குடம் குடமாகத் தூக்கி வந்தீர்கள். ஒரு நாள் நீங்கள் கூரைக்குச் செம்பை ஓங்கியபோது நான் தடுத்தேன். பிள்ளைகளுக்குக் குடிக்கவே தண்ணீர் போதவில்லை, பம்பு சரியாகிற வரைக்கும் இதை விடுங்கள் என்றேன். கண்டிப்பாகத்தான் சொன்னேன். நீங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு செம்பை வாளிக்குள் போட்டுவிட்டு அரிசி களையப் போனீர்கள்.

நாலாம் நாள், சோறு வெந்து சாம்பார் கொதித்துக்கொண்டிருந்த நேரம். மலைப் பக்கமிருந்து காற்று ஒரு சுழற்று சுழற்றியது. நான் பள்ளிக்கூட வராந்தாவில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் கேட்டது உங்கள் சத்தம்.

"டீச்சர், பிள்ளைகளை வெளிய விடாதீக! கதவைச் சாத்துங்க!"

நிமிர்ந்து பார்த்தால் கொட்டகையின் உச்சியில் தீ நிற்கிறது. நான் வகுப்புக் கதவைச் சாத்தினேன். தலைமையாசிரியர் பின்பக்க வழியாகப் பிள்ளைகளை வயலுக்கு இறக்கிவிட்டார். ஆயா எப்போதோ வெளியே ஓடி வந்துவிட்டாள். நீங்கள் மட்டும் வரவில்லை. உள்ளே எண்ணெய் டின் இருந்தது. அதில் தீப்பற்றினால் பள்ளிக்கூடக் கூரையின் கைமரமும் பற்றிக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நீங்கள் வெளியே வந்தபோது, எரிகிற கிடுகு ஒன்று சரிந்து உங்கள் இடது தோளில் விழுந்தது. தோள் முதல் முழங்கை வரை. டின்னைக் கீழே வைத்த பிறகுதான் நீங்கள் கத்தினீர்கள்.

உங்களை ராஜபாளையத்துக்குக் கொண்டு போனார்கள். நான் உங்களோடு வரவில்லை. பொருள் இருப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் யூனியன் ஆபீசிலிருந்து அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அறிக்கை எழுதித் தரச் சொன்னார்.

"தானா பிடிச்சுச்சுன்னு எழுத முடியாதும்மா. ஒரு காரணம் வேணும். தெனம் கூரைக்குத் தண்ணி தெளிப்பாகளாமே? அன்னைக்குத் தெளிக்கலையா?"

"தெளிக்கலை சார்."

"ஏன்?"

அக்கா, அந்த 'ஏன்' இன்னும் எனக்குக் கேட்கிறது. பதில் என் வாயில் இருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். மூன்றே சொற்கள். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டு காத்திருந்தார். என் வேலை தற்காலிக வேலை. மாமியார் வீட்டில் என் சோற்றுக்கும் என் மகள் சோற்றுக்கும் அந்த வேலைதான் மரியாதை. நான் தாளை வாங்கி, 'சமையலரின் கவனக்குறைவால் தீ விபத்து ஏற்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, "முத்து முத்தா எழுதுறியேம்மா" என்றார்.

விசாரணை முடிகிற வரைக்கும் உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆயா வேப்ப மரத்தடியில் கல் கூட்டிச் சமைத்தாள். சோற்றில் இலையும் பூவும் விழுந்தன. நான் தினமும் அந்தக் கரித் தரையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடத்தில் சீக்கிரமாக ஒரு கூரை வந்துவிட்டால் நான் எழுதிய வரியும் மறைந்துவிடும் என்பது போல எனக்கு ஒரு பரபரப்பு. யூனியன் ஓவர்சியரைப் பார்த்தேன். வேறொரு கட்டடத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய சிமெண்ட் சீட்டுகள் கிடப்பதாகவும், அதைப் போட்டுத் தரலாம் என்றும் சொன்னார். இல்லையென்றால் மறுபடியும் கிடுகுதான்.

நான் அதோடு விடவில்லை. ராஜபாளையம் கடைத்தெருவில் கூரைச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். தெலுங்கு பேசுகிற பெரியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். சமையல் கொட்டகைக்கு என்றதும் எழுந்து வந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

"தகரம் எடை கொறச்சல், சீக்கிரம் போட்டுரலாம். ஆனா வெயில்ல அடுப்புக்கு மேல இன்னொரு அடுப்பு. மழை பேஞ்சா நீ பேசுறது உனக்கே கேக்காது. ஓடு குளுமை. ஆனா கனம், மரச்சட்டம் நெறைய வேணும், கொரங்கு வேற புரட்டிப் போடும். சிமிட்டி சீட்டு பாரு, துருப்பிடிக்காது, கரையான் திங்காது, எரியாது. மேல ஏறி நடக்காமப் பாத்துக்கிட்டாப் போதும், மிதிச்சா ஒடஞ்சிரும்."

"தீப்பட்டா?"

"எரியாதுன்னு சொன்னேன்லம்மா."

எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அன்று மாலையே உங்கள் வீட்டுக்கு வந்தேன். தீ விபத்துக்குப் பிறகு மூன்று வாரம் கழித்து, முதல் தடவையாக. நீங்கள் வாழையிலையை விரித்து அதன்மேல் கையை நீட்டிப் படுத்திருந்தீர்கள். எழுந்திருக்கப் பார்த்தீர்கள். வேண்டாம் என்றேன். நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. கூரையைப் பற்றி மடமடவென்று சொன்னேன். எரியாதாம் அக்கா, இனிமேல் பயமே இல்லை என்றேன்.

நீங்கள் கையை இலையின் மேல் மெதுவாக நகர்த்தி வைத்தீர்கள். பிறகு, "எரியாதது எல்லாம் நெருப்பைத் தாங்கிருமா டீச்சர்?" என்றீர்கள்.

எனக்குப் புரியவில்லை.

"எந் தம்பி முறுக்குக் கடை போட்டான். மேல இதே சீட்டுதான். ஒரு நா எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சு மேல எழும்பிருச்சு. சீட்டு எரியல, நெசந்தான். பட்டாசு மாதிரி வெடிச்சுச்சு. சில்லுச் சில்லா எல்லார் தலையிலயும் கொட்டுச்சு. ஓலை விழுந்தாத் தட்டி விட்ரலாம். அது சதைக்குள்ள ஏறிரும்."

நான் பாதிதான் நம்பினேன். உங்களுக்கு அது தெரிந்துவிட்டது.

"சீட்டு வரட்டும். நான் வாரேன்" என்றீர்கள்.

வண்டியில் சீட்டுகள் வந்த அன்று நீங்களும் வந்தீர்கள். கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தீர்கள். ஓரம் உடைந்த ஒரு சீட்டிலிருந்து கை நீளத் துண்டு ஒன்றை எடுத்து, வேப்ப மரத்தடியில் கனன்றுகொண்டிருந்த ஆயாவின் கல்லடுப்பின் மேல் வைத்தீர்கள். எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னீர்கள். ஓவர்சியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உங்களை நினைத்துக் கூச்சமாக இருந்தது. "போதும்க்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். டப்பென்று ஒரு சத்தம். மரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. ஒரு சில்லு ஓவர்சியரின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்து புகைந்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு வெடிப்பு. துண்டு கிடந்த இடத்தில் பொடிதான் மிச்சம். அந்தச் சீட்டின் தூசு நெஞ்சுக்கே கெடுதி என்று இப்போது சொல்கிறார்கள். அன்று நமக்கு அதெல்லாம் தெரியாது. வெடித்ததைத்தான் பார்த்தோம்.

ஓவர்சியர் விட்டுக்கொடுக்கவில்லை. "இம்புட்டுப் பக்கத்துல யாரும்மா கூரை போடுவா? கூரை எட்டடி ஒசரத்துலல்ல இருக்கும்?"

"தீயும் எட்டடி வந்துச்சு சார். நான் உள்ள இருந்து பாத்தேன்."

அவர் உங்கள் கையைப் பார்த்தார். சீட்டுகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். போகும்போது, ஒரு மாதம் பொறுத்தால் தகரம் ஏற்பாடு பண்ணலாம் என்றார்.

எனக்குத் தகரமே போதும் போல இருந்தது. எரியாது, வெடிக்காது. எப்படியாவது முடிந்தால் சரி. நீங்கள் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு தெருக்கோடியில் இருந்த வண்டிக் கொட்டகைக்குப் போனீர்கள். தகரம் வேய்ந்த கொட்டகை. உச்சி வெயில். "செத்த நேரம் உக்காருங்க" என்று சொல்லி நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அடுப்பில்லை, நெருப்பில்லை, வெறும் வெயில்தான். கொஞ்ச நேரத்தில் என் ரவிக்கை நனைந்து, கண்ணுக்குள் உப்பு இறங்கியது. தகரம் தலைக்கு மேலே டிக் டிக்கென்று விம்மிக்கொண்டிருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"இதுக்குள்ள ரெண்டு அடுப்பை மூட்டிட்டு மூணு மணி நேரம் நிக்கணும் டீச்சர்."

"உங்களுக்குத்தான் இப்ப வேலையே இல்லையே அக்கா" என்று என் வாயில் வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நீங்கள் கோபப்படவில்லை. "யாரு வந்தாலும் ஒரு பொம்பளதான நிக்கப் போறா" என்றீர்கள்.

ஓடு என்று அன்று முடிவானது. ஓவர்சியர்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். செட்டியார்பட்டியில் ஒரு தறிக் கொட்டகையின் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போடுகிறார்கள், பழைய மங்களூர் ஓடுகளை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். ஒரு சனிக்கிழமை நாம் இருவரும் பஸ் ஏறிப் போனோம். ஓடுகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. நல்லதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். நான் ஓட்டைத் தூக்கிப் பிடிப்பேன். நீங்கள் வலது கை முட்டியால் தட்டுவீர்கள். ணங்கென்று மணி மாதிரி கேட்டால் ஒரு பக்கம். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், இன்னொரு பக்கம். சந்தேகமானதன் மேல் தண்ணீர் ஊற்றி, அடியில் கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பீர்கள். கொஞ்சம் ஊறினால் பரவாயில்லை, சொட்டக் கூடாது.

பக்கத்துக் கொட்டகைகளில் தறிச் சத்தம் ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. உரக்கச் சொல்ல வேண்டியிருந்தால் அழுகை வராது என்று நினைத்தேன். "அக்கா, அந்த அறிக்கையில..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றீர்கள். தட்டுவதை நிறுத்தவில்லை. "ஹெட்மாஸ்டர் சார் படிச்சுக் காட்டுனாக. கவனக்குறைவுன்னு எழுதிருக்கீக. நான் பயந்துட்டேன் டீச்சர், திருட்டுகிருட்டுன்னு எழுதிருப்பீகளோன்னு. இது நல்ல வார்த்தைதான்."

நான் பிடித்திருந்த ஓடு நழுவி, என் கால் விரலில் விழுந்து உடைந்தது. நீங்கள் குனிந்து என் விரலைப் பார்த்தீர்கள். நகம் கறுத்திருந்தது. தொட்டித் தண்ணீரை மோந்து ஊற்றினீர்கள்.

"பொறவு பேசுவோம். வண்டி வரதுக்குள்ள ஓட்டைத் தட்டி முடிக்கணும்."

அந்தப் 'பொறவு' வரவில்லை. நானும் கேட்கவில்லை, நீங்களும் எடுக்கவில்லை.

கூரை ஏறியது. கொத்தனாரோடு நீங்கள் போட்ட சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உச்சியில் ஒரு அடி இடைவெளி விட்டு, அதற்கு மேல் சின்னதாக இன்னொரு கூரை போடச் சொன்னீர்கள், புகை போக. மழை வரும் என்றார் அவர். "மழை வருஷத்துல எத்தன நா? பொகை தெனமும்ல" என்றீர்கள். ஆடிக் காற்றுக்குப் பயந்து ஓரத்து இரண்டு வரிசையை மட்டும் சாந்து வைத்துப் பூசச் சொன்னீர்கள். எல்லாவற்றையும் பூசித் தருகிறேன் என்றார். "வேணாம். கொரங்கு ஒண்ணை ஒடச்சா, மாத்துறதுக்கு நாம பத்தை ஒடைக்கணும்." மழைத் தண்ணீர் வழிந்தோட வாட்டத்தை அதிகமாக்கச் சொன்னீர்கள். வேலையில் இல்லாத ஒரு சமையலர், ஒற்றைக் கையோடு நின்று, ஒரு கூரையை இறக்கி ஏற்ற வைத்தார். கொத்தனார் என்னிடம் வந்து, "டீச்சர், இந்தம்மா யாரு, இஞ்சினியரா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை.

முதல் அடுப்பு மூட்டுவதற்கு முந்தின வாரம், புதுச் சமையலர் ஒருவரை நியமிக்கப் போகிறார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். யாரோ பரிந்துரைத்த வேற்றூர்க்காரி. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலையில் எழுதினேன். கூரைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று சொன்னது நான், சமையலர் மீது தவறில்லை, முதல் அறிக்கையில் இதை மறைத்துவிட்டேன். நேரே யூனியன் ஆபீசுக்குக் கொண்டு போனேன். அதே அதிகாரி. இரண்டு தடவை படித்தார்.

"எதுக்கும்மா இது? எல்லாம் அடங்கிப் போச்சு. கிழிச்சுப் போட்டுறவா?"

"வேண்டாம் சார். வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை போட்டுக் குடுங்க."

உங்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு பிளவக்கல் பக்கத்து மையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா வீட்டுக்கே மகளோடு திரும்பினேன். கிளம்பிய அன்று கொட்டகைக்கு வந்தேன். சோறு வடிக்கிற நேரம். புகை உச்சி வழியாக நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. "போய்ட்டு வாங்க டீச்சர்" என்றீர்கள், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் இரண்டாவதாக எழுதியது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் நன்றியை எதிர்பார்த்து நிற்பது போல ஆகிவிடும். கேட்காமல் வந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் வந்தேன். ஓட்டில் பாசி பிடித்திருந்தது. நீங்கள் ஊரில் இல்லை, யார் கல்யாணத்துக்கோ போயிருந்தீர்கள். பார்க்க முடியாததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு, உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று ஆயா சொல்லி அனுப்பினாள். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் பாதியாகக் கிடந்தீர்கள். தீப்பட்ட கை மட்டும் அதே சுருக்கத்தோடு போர்வைக்கு வெளியே இருந்தது. கொண்டு வந்த ஆரஞ்சை உரிப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"நீங்க ரெண்டாவது எழுதுனதையும், ஆபீசுல இருந்து நகல் வந்ததும் ஹெட்மாஸ்டர் சார் அப்பவே படிச்சுக் காட்டிட்டாக."

என் கை நின்றுவிட்டது.

"மொதல்ல எழுதுனது பொய். ரெண்டாவது எழுதுனது பாதிதான் நெசம் டீச்சர்."

"முழுக்க நிஜம்தான் அக்கா. நான்தானே வேண்டாம்னேன்."

"நீங்க வேணாம்னீக. சரி. எனக்குத் தெரியும்ல, ஓலை காஞ்சா என்னாகும்னு? உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவ நான். நாலு நாளும் மேல பாத்துப் பாத்துப் பயந்துக்கிட்டே சோறாக்குனேன். ஏன் சொல்லல? டீச்சர்ட்ட எப்படி எதுத்துச் சொல்லுததுன்னு வாயை மூடிக்கிட்டேன். தீப்பிடிச்ச பொறவு சிமிட்டி சீட்டு வேணாம், தகரம் வேணாம்னு அம்புட்டுப் பேசுனேன். அதுல ஒரு வார்த்தைய முன்னாடி பேசிருக்கலாம்."

நான் மறுத்தேன். அது உங்கள் தவறில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "ஆரஞ்சைக் குடுங்க" என்றீர்கள். இரண்டு சுளை சாப்பிட்டீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

உங்கள் மனதை இறக்கி வைக்கத்தான் அதைச் சொன்னீர்கள் என்று தெரியும். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அடங்கவில்லை. பொய் எழுதியதைத் திருத்தி எழுதிவிட்டேன், அதற்கான தண்டனையையும் வாங்கிக்கொண்டேன், கணக்கு தீர்ந்தது என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஆனால் தீ வருகிறது என்று தெரிந்த ஒருத்தி, அதை என்னிடம் சொல்லத் துணியாமல் நாலு நாள் அதன் அடியிலேயே நின்றிருக்கிறாள். நான் அப்படிப்பட்ட ஆளாக இருந்திருக்கிறேன். அதைத் திருத்த எந்த ஆபீசுக்குத் தாள் கொடுப்பது?

நீங்கள் எனக்கு விட்டுப் போனது இந்தப் பதைப்புதான். அதன்பிறகு எந்த மையத்தில் வேலை பார்த்தாலும், நான் ஒன்று சொன்னதும் எதிரே நிற்கிறவள் உடனே தலையாட்டிவிட்டால் எனக்குக் கால் தரிக்காது. வாசல் வரை போய்த் திரும்பி வருவேன். "உங்களுக்கு என்ன தோணுது? சரியில்லைன்னா சொல்லுங்க" என்பேன். பலருக்கு அது தொல்லை. என்னைச் சந்தேகக்காரி என்றார்கள். என் மகளும் அதைத்தான் சொல்கிறாள்.

நீங்கள் போன பிறகு, பிளவக்கல் மையத்துக்குப் புதிதாக ஒரு சமையலர் வந்தாள். சின்னப் பெண். நான் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள், விறகை எங்கே அடுக்குவது என்று நான் சொல்லிவிட்டு நகர்ந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"இல்ல டீச்சர். நீங்க சொல்லுதது தப்பு. அங்க மழைத்தண்ணி வரும்."

திரும்பிப் பார்த்தேன். பயந்துபோய் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்ன இடத்திலேயே விறகை அடுக்கினோம். வேலை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அக்காவிடம் இதை இன்றைக்கே சொல்ல வேண்டும் என்ற அவசரம். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இறங்கத் தோன்றவில்லை. பஸ் ராஜபாளையம் வரை போனது. நானும் போனேன்.